பத்துக்கு எவ்வளவு

புதிதாக ஒருவரைப் பார்த்தால் ஊரில் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். டேப்பு கழுத்தைப் பார்ப்பான். காதுக்கு நேர் கீழே தோள் இருக்கிறதா, இல்லை தலை மட்டும் ஆமை போல முன்னால் நீண்டிருக்கிறதா என்பதுதான் அவனுக்கு முதல் விசாரணை. சுகமா, சாப்பிட்டாச்சா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். சட்டைப்பையில் எந்நேரமும் ஓர் அளவு டேப் கிடந்ததால் அலுவலகங்களில் அந்தப் பெயர் விழுந்து, ஒட்டிக்கொண்டும் விட்டது. இரண்டு வருடத்தில் ஆயிரம் கழுத்தாவது பார்த்திருப்பான். அதில் அவன் கோட்டை விட்டது ஒன்றே ஒன்று. அது அவனுடைய அக்காவின் கழுத்து.

மேசை நாற்காலி விற்கும் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை. விற்ற இடத்துக்குப் போய், உட்கார்ந்து உழைக்கிறவர்களின் உடம்புக்குத் தக்கபடி நாற்காலியின் உயரம், திரையின் தூரம், கீபோர்டின் மட்டம் எல்லாவற்றையும் அமைத்துக் கொடுக்க வேண்டும். அமைத்து முடித்ததும் ஐந்து நிமிடம் பேசவும் வேண்டும். பேச்சில் அவன் சூரன். "எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அந்தச் சிரசு அஞ்சு கிலோ. அதை நாள் பூரா சுமக்குதே கழுத்து, அதைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை சொன்னாங்களா?" என்பான். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே எல்லோரும் தங்களை அறியாமல் நிமிர்ந்து உட்காருவார்கள். அதைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு தனி சந்தோஷம்.

இந்த வேலைக்கு வருமுன் அவன் பார்த்த வேலைகளை எண்ண இரண்டு கை விரல் போதாது. போட்டோ ஸ்டுடியோ, ஏசி ரிப்பேர், கூரியர் அலுவலகம், மருந்து மொத்தக் கடை, ஒரு நீச்சல் குளத்தில் டிக்கெட் கிழிப்பது வரை எல்லாம் ஒரு சுற்று வந்துவிட்டான். எதிலும் ஒரு வருடம் தாண்டியதில்லை. யாராவது ஒரு சொல் குறைத்துச் சொல்லிவிட்டால் போதும், மறுநாள் போக மாட்டான். கால் தரிக்காத பயல் என்று சொந்தக்காரர்கள் அவனைக் கைகழுவியிருந்தார்கள். அக்கா மட்டும் கைகழுவவில்லை. வேலையை விட்ட ஒவ்வொரு தடவையும் அவன் நேராக அவள் வீட்டுக்குத்தான் வருவான். ஏன் விட்டாய், என்ன நடந்தது என்று ஒரு கேள்வி இருக்காது. டீ வரும். அவன் குடித்து முடிக்கும்வரை அவளும் எதிரில் உட்கார்ந்திருப்பாள்.

இந்த வேலை மட்டும் பிடித்துக்கொண்டது. இரண்டாவது வருடம் ஓடுகிறது என்று அக்காதான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாள்.

அக்காவுக்கு வீட்டிலிருந்தே வேலை. பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். இடது திரையில் ஆசிரியர் எழுதிக் கொடுத்த பிரதி, வலது திரையில் அச்சுக்குப் போகப்போகும் பக்கம். இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். முக்கியமாகக் கடைசிப் பக்கத்து விடைகள். விடையில் ஓர் எண் மாறினால் எத்தனை வீட்டில் எத்தனை பிள்ளைகள் சரியாகப் போட்ட கணக்கைத் தப்பென்று அழித்துக்கொண்டு அழும், அந்தப் பாவம் யாருக்கு என்று கேட்பாள். அவள் பார்த்துக் கொடுத்த புத்தகத்தில் பதினெட்டு வருடமாக ஒரு பிழை வந்ததில்லை. வேலையிலிருந்து எழுந்தாலும் கண் சும்மா இருக்காது. குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் தண்ணீர் நிற்கும் நேரத்தைத் தப்பாக எழுதியிருந்தார்கள் என்று சிவப்புப் பேனாவோடு இறங்கிப் போய்த் திருத்திவிட்டு வந்தவள் அவள்.

அப்படிப்பட்டவள் எங்கே உட்கார்ந்து வேலை பார்த்தாள் என்றால், சாப்பாட்டு மேசையில். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அதே கதைதான். லேப்டாப் தாழ்வாக, அதன் பக்கத்தில் இரண்டு தடித்த அகராதிகளின் மேல் பெரிய திரை உயரமாக. அவள் தலை நாள் முழுக்க இடது கீழே, வலது மேலே என்று போய்வந்துகொண்டிருந்தது. பிப்ரவரியில் ஒரு நாள் சாப்பிட வந்த டேப்பு, அக்கா இடது கையால் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டு குழம்பு ஊற்றுவதைப் பார்த்தான்.

"எத்தனை நாளா?"

"அது கிடக்கு. ஒரு மூணு மாசம் இருக்கும். நீ சாப்பிடு."

"அக்கா, இதைப் பார்த்துட்டு நான் சாப்பிட்டா நான் பார்க்கிற வேலைக்கே அசிங்கம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டி படுக்கையோடு வருகிற மருமகன் மாதிரி அட்டைப்பெட்டிகளோடு வந்து இறங்கினான். சன்னலுக்குப் பக்கவாட்டில் மேசையைப் போட்டான். வெளிச்சம் திரையில் விழக்கூடாது, கண்ணிலும் அடிக்கக்கூடாது. அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து, முழங்கை தொண்ணூறு டிகிரி மடங்கும் உயரத்துக்கு மேசையை இறக்கினான். கால் தரையைத் தொடவில்லை, அதற்கு ஒரு சரிவுப் பலகை. நாற்காலிக்கும் அவள் முழங்காலுக்கும் நடுவே மூன்று விரல் நுழைகிறதா என்று பார்த்தான். பிறகு திரைகள். இரண்டையும் இரும்புக் கையில் மாட்டி, மேல் விளிம்பு அவள் கண் மட்டத்துக்கு வரும்படி நிறுத்தி, சுவரில் அந்த மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டான். கொத்தனாரிடம் இரவல் வாங்கி வந்த ரசமட்டத்தை இரண்டு திரைகளின் தலையிலும் வைத்து, நீர்க்குமிழி நடுவில் நிற்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு திருகினான்.

"இரண்டு திரையையும் சமமாப் பார்க்கிற ஆளுக்கு, இரண்டும் சேர்ற இடம் மூக்குக்கு நேரா வரணும். கையை நீட்டு. விரல் நுனி திரையைத் தொடுதா? அவ்வளவுதான் தூரம்."

"ராணி மாதிரி இருக்குடா," என்றாள் அக்கா. முகம் மலர்ந்துதான் சொன்னாள்.

வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார் மாமா, அக்காவின் கணவர். குளிர்பதனக் கிடங்கில் சரக்கைத் தூக்கி அடுக்கும் பாரவண்டி ஓட்டுகிறவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அன்றைய பத்தில் ஆறைச் செலவழித்து, "ஒரு தடவை டாக்டர்கிட்டயும் காட்டிட்டா நல்லது, மச்சான்," என்றார்.

"டாக்டர் என்ன மாமா பண்ணுவாரு? ரெண்டு மாத்திரை எழுதுவாரு. வலி மாத்திரையில இல்ல, மேசையில இருக்கு. இத்தனை பேருக்கு பார்த்தவன் நான், எனக்குத் தெரியாதா?"

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இவனுக்குத் தன் தொழிலே தெரியவில்லை. சுத்தியல் பிடித்தவன் கண்ணுக்கு ஆணி மட்டுமே தெரிகிற மாதிரி, இவனுக்கு வலி என்றால் மேசை, மேசை என்றால் வலி. ஆனால் அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்? எல்லாமே மினுமினுவென்று புதிதாக இருந்தது.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி ஒரு கோடு போட்ட நோட்டும் வாங்கி வந்திருந்தான். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் போன் பண்ணுவான். வலி இன்றைக்குப் பத்துக்கு எவ்வளவு என்று அவள் சொல்ல வேண்டும். அவன் தேதி போட்டு எழுதிக்கொள்வான்.

"பத்துக்கு எவ்வளவுக்கா?"

"ஆறு."

மறுநாள் ஆறு. அதற்கு மறுநாள் ஏழு. பிறகு ஒரு வாரம் ஆறு, ஆறு, ஆறு. அவன் போனை வைத்துவிட்டு நோட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். மற்ற இடங்களில் பத்து நாளில் குறைந்துவிடும். இங்கே மட்டும் என்ன? சாயங்காலம் நேரே வந்து நாற்காலியை அரை அங்குலம் ஏற்றுவான், இறக்குவான், மவுஸை மாற்றுவான். முகம் சுண்டிப்போகும். ஒரு நாள் அவன், "எனக்கு இதுவும் சரியா வரலபோலக்கா. கூடப்பொறந்தவளுக்கே பண்ணத் தெரியல, ஊருக்குப் பண்ணி என்ன," என்று சொல்லிவிட்டு டீயைப் பாதியில் வைத்தான். இதற்கு முன் எத்தனையோ வேலைகளை விட்ட நாட்களில் அந்த முகத்தை அக்கா பார்த்திருக்கிறாள்.

ஏப்ரலில் அவன் அதைக் கண்டுபிடித்தான். எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவள் வேலை செய்வதை ஒரு மணி நேரம் பார்த்தான். எண்களைப் படிக்கும்போதெல்லாம் அவள் தாடை மெல்ல மேலே போனது. அவள் மூக்குக்கண்ணாடியில் படிக்கிற வில்லை கீழ்ப்பாதியில், திரையோ உயரத்தில். கீழ்ப்பாதி வழியாக உயரத்தில் இருப்பதைப் படிக்கத் தலையை அண்ணாந்தே ஆக வேண்டும். டேப்பு தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தான். இரண்டு திரைகளையும் நாலு விரற்கடை இறக்கி, லேசாக மல்லாத்தி வைத்தான். சுவரில் பழைய கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு போட்டான். சொல்லப்போனால் அது கெட்டிக்காரத்தனம்தான். கம்பெனியில் பழம் தின்று கொட்டை போட்டவர்களே தவறவிடுகிற விஷயம்.

"இப்ப பாரு. இனிமே குறையாட்டி என் பேரை மாத்திக்கிறேன்."

"எந்தப் பேரை?" என்று கேட்டுச் சிரித்தாள் அக்கா.

மறுநாள் ஆறு மணிக்கு, "மூணு," என்றாள்.

அவன் போனிலேயே கத்திவிட்டான். ஒரு வாரத்தில் எண் இரண்டுக்கு வந்தது. வந்து அங்கேயே நின்றது. மே முழுக்க இரண்டு, ஜூன் முழுக்க இரண்டு. அவன் நோட்டிலிருந்து எடுத்து ஒரு வரைபடம் போட்டான். கோடு மேலிருந்து மாடிப்படி மாதிரி இறங்கியது. போகிற அலுவலகமெல்லாம் அதைச் சுவரில் ஒட்டி, "இது எங்க அக்கா," என்று ஆரம்பித்தான். கம்பெனி மேலாளர் அவனைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இனி நீயே பாடம் எடு என்றார். அன்று மாலை அவன் அக்கா வீட்டுக் கதவைத் தட்டிய விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கேட்டு முடித்ததும் அவன் தலையைக் கோதிவிட்டாள். வலது கையைத் தூக்கியவள், பாதியில் இறக்கிவிட்டு இடது கையால் கோதினாள். அவன் அதைக் கவனிக்கவில்லை.

கவனிக்காமல் விட்டது அது ஒன்று மட்டுமா? டம்ளர் அவள் கையிலிருந்து நழுவி உடைந்தது. ரவிக்கைப் பொத்தான் போடக் கால் மணி நேரம் ஆகிறது என்று சொல்லிச் சிரித்தாள். கீபோர்டில் பக்கத்து எழுத்தை அழுத்தினாள். அதற்கு அவன் நடுவில் பிளந்த மாதிரி ஒரு கீபோர்டு கொண்டுவந்தான். மவுஸ் பிடிக்கவில்லை, அதற்குக் கைகுலுக்குகிற மாதிரி நிமிர்ந்து நிற்கும் மவுஸ். ஆகஸ்டில், நடக்கும்போது இடது காலிலிருந்து செருப்பு கழன்று பின்னால் கிடக்க, அது தெரியாமலேயே அவள் பத்தடி நடந்து போனாள். அவன் செருப்பை எடுத்துவந்து கொடுத்து, "கால் பலகை சரிவு ஜாஸ்தியா இருக்கு போல. அதான் பாதம் மரத்துப்போகுது," என்றான். அன்றே சரிவைக் குறைத்தான். பின்னால் அவன் தூக்கத்தைக் கெடுத்தது அந்தச் செருப்புத்தான். ஒரு குழந்தைக்குக்கூடத் தோன்றியிருக்கும், கழன்ற செருப்பு தெரியாத காலுக்கு மேசையால் என்ன செய்துவிட முடியும் என்று.

அந்த மாதமே பதிப்பகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஏழாம் வகுப்புப் புத்தகத்தின் விடைப் பக்கத்தில் நான்கு பிழைகள். பார்க்கும்போது அவள் கண்ணில் பட்ட பிழைகள்தான். திருத்தும்போது விரல் பக்கத்து எண்ணில் விழுந்திருக்கிறது. பதினெட்டு வருடத்தில் முதல் தடவை. அக்கா கடிதத்தை மடித்து அகராதிக்குள் வைத்துவிட்டாள். அன்று சாயங்காலமும் ஆறு மணிக்குப் போன் வந்தது.

"பத்துக்கு எவ்வளவுக்கா?"

"ரெண்டுடா."

செப்டம்பரில் ஒரு காலை, குப்பைப் பையை வைத்துவிட்டு வரப் போனவள் மாடிப்படியில் விழுந்தாள். கீழ்வீட்டுக்காரர் தூக்கிவிட்டும் கால் நிற்கவில்லை. மாமா வேலையிலிருந்து நேராக, குளிர் அங்கியைக்கூடக் கழற்றாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தார். டேப்பு ஓர் அலுவலகத்தில் பாதிப் பேச்சை விட்டுவிட்டு ஓடிவந்தான். கையில் பை, பைக்குள் அந்த நோட்டு.

மறுநாள் நரம்பு மருத்துவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். ஐம்பது வயதுப் பெண்மணி, அவசரமில்லாமல் பேசுகிறவர். கழுத்தெலும்புக்குள்ளே, தண்டுவடத்தை ஒட்டி, கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கட்டி. புற்று இல்லை. ஆனால் வளர்ந்து வளர்ந்து நரம்பை நசுக்கியிருக்கிறது.

"உட்கார்ற விதம் தப்பா இருந்து வந்ததா டாக்டர்?" என்று கேட்டான் டேப்பு.

"மேசையால வந்ததும் இல்ல, மேசையால போறதும் இல்ல. எத்தனை நாளா வலி இருக்கு, எப்படி இருந்துச்சு, அதைச் சொல்லுங்க."

அவன் அவசரமாக நோட்டை எடுத்து விரித்தான். இந்த ஒரு கேள்விக்காவது தன்னிடம் பதில் இருக்கிறது என்கிற நினைப்பு. "தினமும் எழுதி வச்சிருக்கேன் டாக்டர். பிப்ரவரியில ஆறு. ஏப்ரல்ல மூணு. அப்புறம் ரெண்டுதான், நேத்து முந்தாநாள் வரைக்கும் ரெண்டுதான். கூடவே இல்ல. குறைஞ்சுக்கிட்டேதான் வந்துச்சு. அதனாலதான் நாங்க..."

மருத்துவர் நோட்டைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பிறகு படுக்கையில் இருந்தவளைப் பார்த்தார். "இந்தப் படத்துக்கு இந்த நம்பர் வராதேம்மா," என்றார்.

அக்கா கூரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அதுல இருக்கிறது என் வலி இல்ல டாக்டர். இவனுக்காகச் சொன்ன நம்பர்."

"நிஜத்துல எவ்வளவு இருந்துச்சு?"

"ஏழு. முக்கால்வாசி நாள் எட்டு. ரெண்டுன்னு ஒரு நாளும் இருந்ததில்ல." பிறகு, யாரும் கேட்காமலேயே, தம்பியின் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "இவன் எந்த வேலையிலயும் நிலைச்சதில்ல டாக்டர். இதுதான் இவனுக்குப் பிடிச்சுது. அன்னிக்கு டீயைக் குடிக்காம வச்சான். நான் வலிக்குதுன்னு சொன்னா இதையும் விட்டுடுவான்னு தோணுச்சு. மேசை தவிர வேற காரணம் இருக்கும்னு எனக்கும்தான் தெரியல."

டேப்பு நோட்டை மூடவும் தோன்றாமல் விரித்தபடியே வைத்துக்கொண்டு நின்றான். ஒரு கணக்கில் ஓர் எண் மாறினால் பொறுக்காதவள், நூற்று அறுபது நாள் அவனுக்குத் தப்பான விடை சொல்லியிருக்கிறாள். அவனும் அதை அழகாகக் கோடு போட்டு ஊரெல்லாம் காட்டியிருக்கிறான். வெட்கமா, கோபமா, துக்கமா என்று அவனுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் கை முழுக்கத் திரும்பியிருக்கும் என்று மருத்துவர் மாமாவிடம் வெளியே போய்ச் சொன்னது, கதவு வழியாக அவன் காதிலும் விழுந்தது.

ஆபரேஷன் நடந்த ஏழு மணி நேரமும் மாமாவும் அவனும் வராந்தாவில் இருந்தார்கள். சும்மா இருக்க முடியாமல் டேப்பு, அங்கே கிடந்த ஒரு சக்கரப் படுக்கையின் உயரத்தை அளந்தான். பிறகு அதன் சாப்பாட்டுப் பலகையை. பிறகு பலகைக்கும் படுக்கைக்கும் நடுவே உள்ள தூரத்தை. மாமா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன, மச்சான். டேப்பை உள்ள வை."

அவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் அவர் ஒரு குறை சொன்னதில்லை. நாலு அறை அறைந்திருந்தால்கூட டேப்புக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கட்டியை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. கால் பாதி திரும்பியது. நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு அறைக்கு அறை போகலாம். வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டும் திரும்பவில்லை. நசுங்கிக் கிடந்த நரம்பு விடுபட்டபின் அடங்கும் என்று பார்த்த வலியும் அடங்கவில்லை, தோளிலிருந்து கைவரை எரிந்தது. விரல்கள் திரும்ப வருமா என்று கேட்டால், வரும்வரை வரட்டும் என்றார் மருத்துவர். பதிப்பகத்திலிருந்து மரியாதையாக ஒரு கடிதம் வந்தது: உடம்பு தேறட்டும், அதுவரை எட்டாம் வகுப்பை வேறொருவர் பார்ப்பார்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பு திருகு சாவிகளோடு வந்தான். மாமா கிடங்குக்குப் போயிருந்தார். அக்கா கழுத்துப் பட்டையோடு சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அந்த இரண்டு திரைகளும் இருட்டாக, துளிகூடச் சாயாமல், அவன் நிறுத்திய மட்டத்திலேயே நின்றன. அவன் குனிந்து முதல் திருகில் சாவியை நுழைத்தான்.

"எதுக்குக் கழட்டுற?"

"இதைப் பார்த்துக்கிட்டே நீ உட்கார வேண்டாம்க்கா. நான் வேலையையும் விட்டுடறேன். லெட்டர் எழுதிட்டேன்."

"விட்டுட்டு?"

அவன் திருகைத் திருப்பத் தொடங்கினான்.

"விட்டுட்டு வழக்கம்போல இங்கதான் வந்து உட்காருவ. இனிமே உனக்கு டீ போட்டுக் குடுக்க என் கையால முடியாதுடா." அவள் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "சாவியை வை. அந்த நோட்டைக் கொண்டு வந்தியா?"

பையில் இருந்தது. எரிக்க நினைத்தும் எரிக்க முடியாமல் அவன் அதைச் சுமந்துகொண்டு அலைந்தான்.

"சிவப்புப் பேனா அந்த டப்பாவுல இருக்கு. எடுத்துக்கிட்டு உட்காரு. நான் சொல்லச் சொல்லத் திருத்து. பிப்ரவரி சரி, அதை விடு. ஏப்ரல்ல அந்த மூணுலேர்ந்து ஆரம்பி."

"எதுக்குக்கா இப்ப இது?"

"நான் தப்புன்னு தெரிஞ்சே விட்ட புத்தகம் இது ஒண்ணுதான். திருத்தாம வீட்டுல வச்சுக்க முடியாது."

அவன் உட்கார்ந்தான். அந்த நாற்காலியில், அந்த மேசையில். மூன்றை அழுத்தி அடித்து மறைக்கப் போனவனை அவள் தடுத்தாள். "மறைக்காத. ஒரே ஒரு கோடு போடு, பழசு கீழ தெரியணும். சரியானதை ஓரத்துல எழுது. ஏழு."

ஏழு என்று எழுதினான்.

"அடுத்த நாள் ஏழு. அதுக்கு அடுத்தது ஆறு, அன்னிக்கு நல்லா தூங்கினேன். அப்புறம் எட்டு."

எப்படி எல்லா நாளும் நினைவிருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. வலிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு கோடு, ஓரத்தில் ஓர் எண். ஒரு கோடு, ஓர் எண். மே முடிந்தது. அவனுக்குப் பதவி உயர்வு வந்த நாளுக்கு, "எட்டு. கையைத் தூக்க முடியல," என்றாள். செருப்பு கழன்ற நாளை அவனே நோட்டில் கால் பலகை மாற்றம் என்று குறித்து வைத்திருந்தான். அந்த வரி வந்தபோது பேனா நின்றுவிட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். கண்ணீர் காகிதத்தில் விழாமலிருக்க நோட்டைத் தள்ளிப் பிடித்தான். அக்கா இடது கையை நீட்டி அவன் முதுகில் வைத்தாள்.

"நிமிர்ந்து உட்காரு. கழுத்து போயிடும்," என்றாள்.

அவன் நிமிர்ந்தான். பிறகு, "எட்டு. எழுது," என்றாள்.

எல்லாப் பக்கமும் முடிந்தபோது வெளியே தெருவிளக்கு போட்டுவிட்டார்கள். மணி ஆறு ஆகியிருந்தது. அவன் புதிய வரியில் அன்றைய தேதியைப் போட்டான்.

"பத்துக்கு எவ்வளவுக்கா?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் என்ன இருந்ததோ, "ரெ..." என்று வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.

"ஒன்பது."

அவன் எழுதினான். எழுதியபின் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஏற்றியோ இறக்கியோ, மாற்றி வைத்தோ அந்த ஒன்பதைக் குறைக்கிற பொருள் ஒன்றும் அந்த அறையில் இல்லை. அவன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான்.

"காட்டு," என்றாள் அக்கா.

நோட்டைத் திருப்பிக் காட்டினான். அவள் கழுத்தைத் திருப்ப முடியாமல், உடம்போடு திரும்பி, கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகத் தேதியையும் எண்ணையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தாள்.

"சரியா இருக்கு," என்றாள்.